எலும்புத் திருடர்களும் எங்கள் நகர்ப் பிள்ளையாரும்

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் இடைக்கால ஐரோப்பாவுக்கு ஒரே ஒரு பாடம். திருச்சபை, நிலப்பிரபுக்கள், சிலுவைப் போர் எல்லாவற்றையும் அந்தச் சில பக்கங்களுக்குள் திணித்து வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே வாசித்தால் ஜவ்வாது மலையில் என் வகுப்புப் பிள்ளைகள் கொட்டாவி விட்டே என்னைக் கீழே அனுப்பிவிடுவார்கள். அதனால் எம்.ஏ. படித்த காலத்தில் கல்லூரி நூலகத்தில் தோண்டி எடுத்த ஒரு விஷயத்தை, துறவிகள் எலும்பு திருடிய கதையை, வருஷா வருஷம் அவிழ்த்து விடுவேன்.

அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் என்பவர் செத்துப்போன மனிதர் இல்லை. அவருடைய எலும்பு எங்கே இருக்கிறதோ அங்கே அவர் உயிரோடு குடியிருக்கிறார். ஒரு விரல், ஒரு பல் இருந்தால்கூடப் போதும். அதைத் தங்கப் பேழையில் வைத்து மூடி ஆலயத்தில் வைப்பார்கள். நோயாளிகள் வருவார்கள், யாத்திரிகர்கள் வருவார்கள், காணிக்கை குவியும், வாசலில் சந்தை கூடும். எலும்பு இல்லாத மடம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஈ ஓட்டிய மடங்களில் சில, பெயர் பெற்ற புனிதரைப் பக்கத்து ஊரிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்துவிட்டன. ஒரு துறவி இன்னொரு மடத்தில் போய்ச் சேர்ந்து, வருஷக்கணக்கில் நல்ல பிள்ளையாக இருந்து, பேழைக்குக் காவல் பொறுப்பு தன் கைக்கு வந்ததும் எலும்பைச் சாக்கில் போட்டுக்கொண்டு கம்பி நீட்டியதாக ஒரு கதை உண்டு.

இதில் எனக்குப் பிடித்தது திருட்டு இல்லை, அதற்குப் பிறகு நடப்பதுதான். திருடியவர்கள் அதை மறைக்கவே இல்லை. எப்படித் திருடினோம் என்று பெருமையாக எழுதி வைத்தார்கள். புனிதருக்கு இஷ்டம் இல்லாவிட்டால் தூக்க விட்டிருப்பாரா என்பது அவர்கள் வாதம். வர விருப்பம் என்றால் பெட்டி லேசாகிவிடும், விருப்பமில்லை என்றால் எத்தனை பேர் பிடித்தாலும் நகராது என்று நம்பினார்கள். திருடிக்கொண்டு வந்த எல்லோருக்கும் பெட்டி லேசாகவே இருந்திருக்கிறது! நான் மேஜை மேலிருந்த உலக உருண்டையைப் புனிதராக வைத்துக்கொண்டு, முதலில் முக்கி முனகித் தூக்க முடியாமல் தவிப்பேன், அப்புறம் ஒற்றை விரலில் தூக்கிக்கொண்டு ஓடுவேன். வகுப்பு சிரித்து உருளும். பறிகொடுத்த மடத்துக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

என் வீடு மலையில் இல்லை. கணியம்பாடிப் பக்கம் வயலை மனை போட்டு விற்ற ஒரு புது நகரில் இருக்கிறது. தினமும் அமிர்தி வழியாக பஸ் ஏறி மேலே போய்விட்டுச் சாயங்காலம் இறங்குவேன். எங்கள் நகரில் தார் ரோடு போட்டாயிற்று, தெருவிளக்கு வந்தாயிற்று, கோயில் மட்டும் இல்லை. நலச் சங்கத்துக்கு என் கணவர்தான் செயலாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கத்துக்காரர்கள் எங்கள் மொட்டை மாடியில் கூடி, மாமல்லபுரத்தில் ஒரு பிள்ளையாரை வாங்கிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தலையை ஆட்டினார்.

“வாங்கி வெச்சா அது பொம்மைங்க. புள்ளையாரத் திருடிக்கினு வந்து வெச்சாத்தான் விசேஷம்.”

இது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் படித்தவர்கள், காரும் பைக்கும் வைத்திருப்பவர்கள் போய்ச் சாமியைத் தூக்குவதா என்று ஒரு தயக்கம் இருந்தது. டீ கொண்டுபோன நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? தட்டைக் கீழே வைத்துவிட்டு எலும்புத் துறவிகள் கதையை, பெட்டி லேசாவது உட்பட, முழுசாக நடித்தே காட்டினேன். கைதட்டினார்கள்.

“பாத்தீங்களா, வெளிநாட்டுக்காரனே பண்ணியிருக்கான். எங்க வூட்டம்மா சர்ட்டிபிகேட்டே குடுத்துட்டா” என்றார் என் கணவர். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்கும் அது இனித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே நாலைந்து பேர் குட்டி யானை எனும் சின்ன சரக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். இடுப்பைப் பிடித்துக்கொள்ளப் போகிறது, பார்த்துத் தூக்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வெயில் ஏறித் திரும்பி வந்த என் கணவர், தோல் உரிந்த உள்ளங்கையைக் காட்டினார். நான் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

“கடப்பாரை போட்டுக்கூட அசையலம்மா” என்றார். “அடியில வேர் சுத்திக்கினு கெடக்குது. கடைசியில வண்டியில கயிறு கட்டி இழுத்தோம். பின்பக்கம் கொஞ்சம் பேந்துக்குச்சு. செவுத்தோட வெச்சுட்டா யாருக்கும் தெரியாது.”

“எங்கிருந்து?”

“மலையில ஒரு கொல்லை ஓரமா, புளியமரத்தடியில. ஆள் அரவமே இல்ல. அனாதையா இருந்தாரு பாவம்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிரதிஷ்டை அன்று அவர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மைக்கில், “கை வெச்சதும் பூ மாதிரி வந்துட்டாருங்க. நம்ம நகருக்கு வரணும்னு அவரே முடிவு பண்ணிட்டாரு” என்று பேசியபோது, தாம்பாளத்தோடு நின்றிருந்த எனக்கு ஒரு இடைக்காலத் துறவியே நேரில் வந்து பேசுவதுபோல் இருந்தது. அதையும் ரசித்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக ஒரு பெண் இருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். பள்ளியிலிருந்து கொஞ்சம் தள்ளி, சாமைக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர். அவளுடைய கணவன் கர்நாடகத்தில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவள், பிரதிஷ்டை முடிந்து சில வாரங்களில் ஒரேயடியாகச் சுருங்கிப்போனாள். முட்டை உரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒரு நாள் அரிசி மூட்டை அறையில் அவளை நிறுத்தி, என்னம்மா ஆச்சு என்று கேட்டேன்.

“எங்க ஊரு புள்ளையாரு போய்ட்டாரு டீச்சர்.”

“போய்ட்டாருன்னா?”

“புளியமரத்தடியில இருந்தாரு. யாரோ தூக்கிக்கினு போய்ட்டாங்க.”

“போலீஸுக்குப் போனீங்களா?”

“போலீஸு இன்னா டீச்சர் பண்ணுவாங்க? கெடச்சாக்கூட சாமிய ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சுடுவாங்க. தூக்கினவன் எவனோ இருக்கட்டும், அது வுடு. அவரு ஏன் தூக்க வுட்டாரு? அதான் ஊர்ல கேக்கறாங்க.”

அந்தப் பிள்ளையாருக்கு விளக்கேற்றுவது அவள் வீட்டு முறை. கணவன் வெளியூரில் இருப்பதால் அவளே ஏற்றிக்கொண்டிருந்தாள். மாதவிலக்கு வந்து தூரமான நாட்களில் எண்ணெயையும் திரியையும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பிவிடுவாள். ஆனால் ஊர் இப்போது, அந்த நாட்களிலும் இவளே ஏற்றியிருப்பாள், சாமி முகம் சுளித்துப் போய்விட்டது என்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணும் பயந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை. மாமியார் இவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. கணவன் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

“நான் ஏத்தலங்க” என்றாள். “ஆனா எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகமா கீது. ஏதாச்சும் ஒரு நாளு கணக்கு தப்பி ஏத்திட்டேனோ இன்னாவோ. இல்லன்னா அவரு ஏன் போவாரு?”

நான் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். பறிகொடுத்த மடங்கள் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. திருடியவன் ‘அவராகவே வந்தார்’ என்று எழுதும்போதே, பறிகொடுத்தவன்மேல் ‘உன்னிடம் இருக்கப் பிடிக்கவில்லை’ என்ற பழியும் சேர்ந்து விழுந்துவிடுகிறது. அங்கேயும் யாரையாவது கைகாட்டியிருப்பார்கள். ஜெபத்தில் தூங்கிய கிழவரையோ, விளக்கை அணையவிட்ட பையனையோ. அதையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்? நான் படித்தது முழுக்கத் திருடியவர்கள் கையெழுத்து. அதைத்தான் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அவளிடம் சொல்லிவிட்டேன். தூக்கியது எங்கள் நகர்க்காரர்கள், முன்னால் நின்றது என் கணவர் என்று. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“தூக்கும்போது எப்படி வந்தாரு டீச்சர்? லேசா வந்தாரா, கனத்தாரா?”

“கடப்பாரை போட்டும் வரலம்மா. கயிறு கட்டி இழுத்திருக்காங்க.”

அவள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். “அப்ப அவரா போகல. புடிச்சுக்கினுதான் இருந்திருக்காரு” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இத எங்க ஊர்ல சொல்லணும் டீச்சர். ஆனா நான் சொன்னாலும் எடுபடாது, நீங்க சொன்னாலும் எடுபடாது. தூக்கினவங்க வாயால வரணும்” என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆரம்பித்த சண்டை நாட்கணக்கில் நீண்டது. என் கணவர் கெட்டவர் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகமே கறுத்துவிட்டது. ஊருக்குப் புதுசாக ஒரு பிள்ளையார் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார். ஆனால் கடப்பாரைக் கதையை வெளியில் சொல்ல முடியாது என்று பிடிவாதமாக இருந்தார்.

“இஷ்டமில்லாத சாமிய இழுத்துக்கினு வந்துட்டன்னு ஆயிடும். நாளைக்கு எவன் வூட்லயாவது ஒரு கொழந்தைக்குக் காய்ச்சல் வந்தாக்கூட என் தலைலதான் விழும்” என்றார்.

“அந்தப் பொம்பள தலைல விழுந்தா பரவால்லியா?” என்றேன். என் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். எனக்குக் கோபம் வந்தால் அளவு தெரியாது. அவரும் பதிலுக்குக் கத்தினார். கத்தி ஓய்ந்து, கடைசியில் ஒரு சனிக்கிழமை, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “அவங்க ஊர்க் கவுண்டர் வந்தா வரட்டும். தனியா கூப்ட்டுப் பேசறேன். உண்மையைச் சொல்லிடறேன். போதுமா?”

மறுநாளே வந்துவிட்டார்கள். பிள்ளையார் இப்போது இருக்கும் இடத்தை மட்டும் அவள் தன் ஊராரிடம் சொல்லியிருந்தாள். ஷேர் ஜீப் ஒன்றில் ஊர்க் கவுண்டர், அதாவது அந்த ஊருக்குத் தலைவர், அவரோடு நாலைந்து ஆண்கள், கடைசியாக அவள். ஜீப்பைப் பார்த்ததும் எங்கள் ஆட்களுக்கு வேர்த்துவிட்டது. ஆனால் வந்தவர்கள் கையில் தேங்காயும் பூவும் வைத்திருந்தார்கள். ஊர்க் கவுண்டர் கோயில் முன் விழுந்து கும்பிட்டு எழுந்து, டைல்ஸையும் பட்டுத் துண்டையும் சுற்றிப் பார்த்துச் சிரித்தார்.

“நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. எங்க பாட்டன் பூட்டனும் இவர எங்கிருந்தோ தூக்கிக்கினு வந்ததாத்தான் சொல்லுவாங்க. ஸ்தாபிதம் பண்ண சாமிய நகத்தக் கூடாது. திருப்பிக் கேக்க வரல” என்றார்.

எங்கள் நகரமே மூச்சு விட்டது. சம்பந்தி வீட்டார் வந்ததுபோல் நாற்காலி போட்டார்கள், கேசரி வந்தது. இவ்வளவு சுலபமாகக் கழுவிக்கொண்டுவிட்டார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு நாற்காலி போடவில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள்.

ஊர்க் கவுண்டர் காப்பியைக் குடித்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார். “ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சிக்கினு போலாம்னு வந்தோம். எப்படி வந்தாரு?”

என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சுற்றிலும் நகர்க்காரர்கள், குழந்தைகள். “பூ மாதிரி வந்தாருங்க” என்றார். பிறகு, “வாங்க, அப்படி நம்ம வூட்டு மாடியில ஒக்காந்து பேசலாம்” என்று எழுந்து ஊர்க் கவுண்டரின் கையைத் தொட்டார்.

தனியாக அழைத்துப்போய் உண்மையைச் சொல்லத்தான் எழுந்தார். எனக்கு இப்போது அது தெளிவாகத் தெரிகிறது. அப்போது என் காதில் ‘பூ மாதிரி’ மட்டும்தான் விழுந்தது.

“பொய்!” என்று கத்தினேன். “கடப்பாரை போட்டு நெம்பி, வண்டியில கயிறு கட்டி இழுத்தீங்க. கைத்தோல் உரிஞ்சு வந்தப்ப எண்ணெய் தடவினவ நான். ஊர் சாமியத் திருடிக்கினு வந்துட்டு மைக்ல பெருமை வேற. வெக்கமா இல்ல உங்களுக்கு? கட்டிக்கினு வந்த நாளா பீத்தறதுதான் உங்க பொழப்பு!”

கடைசி வாக்கியத்துக்கும் பிள்ளையாருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து எறிந்தேன். ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். என் கணவரின் முகம் செங்கல் நிறமாகிவிட்டது.

ஊர்க் கவுண்டர் மெல்ல எழுந்தார். “அம்மா ஒண்ணு சொல்றாங்க, அய்யா ஒண்ணு சொல்றாரு” என்றார். பிள்ளையாரைத் தூக்கக் கூடப் போனவர்கள் யார் என்று விசாரித்து, அவர்களையும் கேட்டார். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, செயலாளர் சொல்வதுதான் என்றார்கள். “நீ பாத்தியாம்மா?” என்று என்னைக் கேட்டார். நான் பார்க்கவில்லையே. “அப்ப சூடம் ஏத்துங்க” என்றார்.

இடைக்காலத்தில் வழக்கு தீராவிட்டால் புனிதரின் பேழைமேல் கை வைத்துச் சத்தியம் செய்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தவனின் கை விளங்காமல் போனதாகக் கதைகள் உண்டு. அதையும் வகுப்பில் நடித்துக் காட்டியிருக்கிறேன். இங்கே தாம்பாளத்தில் கற்பூரம் எரிந்தது. என் கணவர் ஒரு முறை என்னைப் பார்த்தார். திரும்பி வர ஒரு சந்து பொந்துகூட விடாமல் நான் அடைத்துவிட்டிருந்தேன்.

“பூ மாதிரித்தான் வந்தாரு. சத்தியம்” என்று சொல்லி, உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தார்.

ஊர்க் கவுண்டர் கும்பிட்டுவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். கம்பிக் கதவுக்கு வெளியே இருந்தவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் என்னையும் பார்க்கவில்லை. என் கணவரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ பாம்பு கடித்த கையைப் பார்ப்பதுபோல. அன்று முழுக்க அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனபோது, “ஏன்டி அப்படிப் பண்ணே? சொல்லிடறேன்னுதானே சொன்னேன்” என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. அந்த வாரக் கடைசியில்தான் வந்தாள். மதிய உணவு நேரத்துக்கு முன்னால் சத்துணவுக் கூடத்துக்குப் போய் நின்றேன். மன்னிப்பு கேட்கலாம் என்றுதான் போயிருந்தேன். அவளே பேசினாள்.

“ஊர்க்கூட்டத்துல ஒத்துக்கிட்டேன் டீச்சர்.”

“எத?”

“தூரமான நாள்ல நான்தான் வெளக்கு ஏத்தினேன், அதான் கோச்சிக்கினு போய்ட்டாருன்னு. இனிமே புளியமரத்தடியில வெளக்கு ஏத்தற முறைய வேற வூட்டுக்குக் குடுத்துட்டாங்க. எங்க வூட்டுக்காரருக்கும் போன்ல சொல்லிட்டாங்க. அவரு இன்னும் என்கிட்ட பேசல.”

“நீ ஏத்தலையே! புள்ளையாரு தானா போகலன்னு உனக்குத் தெரியுமே! ஏம்மா ஒத்துக்கிட்டே?”

கரண்டியைக் குண்டானில் சாய்த்து வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உங்க வூட்டுக்காரரு கற்பூரத்துமேல கை வெச்சிட்டாரே டீச்சர். பொய்ச் சத்தியம் வூட்டையே அழிச்சிடும். நான் தப்பு பண்ணியிருந்தா, புள்ளையாரு மனசோடதான் போயிருப்பாரு. அப்ப உங்க வூட்டுக்காரரு சொன்னது பொய் இல்லல்ல? இனிமே அவருக்கு ஒண்ணும் ஆகாது. பயப்படாதீங்க.”

எனக்குச் சத்தியத்தில் நம்பிக்கை கிடையாது. கற்பூரம் அணைந்ததால் யாருக்கும் எதுவும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் அவள் எனக்காகக் கொடுத்தது அத்தனையும் வெறும் வீண் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். தட்டுகளோடு பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். வெட்கத்தில் தலை குனிந்தபடி, ரொம்ப நன்றிம்மா என்றேன்.